ஐந்து மைல் வட்டம்

தர்மவதிக்கு வேலை உத்தரவு வந்து ஐந்து நாளாகிறது. கீழ்பென்னாத்தூரில் ஒரு தொடக்கப் பள்ளியில் ஆசிரியை. வருகிற திங்கட்கிழமைக்குள் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் உத்தரவு தானாக ரத்து. வேலைவாய்ப்பு ஆபீஸில் பெயரைப் பதிந்துவிட்டு ஆறு வருடம் காத்திருந்து வாங்கிய அந்தப் பழுப்பு உறை, இப்போது புருஷன் குணபாலனின் இன்சூரன்ஸ் காகிதங்களுக்கு நடுவில் படுத்திருக்கிறது. அந்த வீட்டில் யாரும் கை வைக்காத இடம் அது ஒன்றுதான். குணபாலனே வைத்ததில்லை.

உறை வந்த அன்றே அவனிடம் சொல்லிவிட்டாள். "அப்பாகிட்ட நேரம் பாத்துச் சொல்றேன்" என்றான். ஐந்து நாளாக நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

அப்பா என்பவர் விருசபதாசன். ஒரு சர்க்கார் ஆபீஸில் தலைமை குமாஸ்தா. மருமகள் வருடா வருடம் வேலைக்குப் பதிவைப் புதுப்பித்தபோது அவர் தடை சொன்னதில்லை. புதுப்பிக்கக் காசு செலவு கிடையாது, வேலை வரப்போவதும் கிடையாது என்ற தைரியம். வந்துவிட்டால் அனுப்புவாரா என்பதற்கு அவருடைய பதில் கல்யாணத்தன்றே தெரிந்திருந்தது: "எங்க வீட்ல என்ன சோத்துக்கா பஞ்சம்?"

புதன்கிழமை காலை ஏழு மணிக்கு அவர் கூடத்தில் கூட்டம் கூட்டினார். கூட்டம் என்றால் மனைவி மருதேவி, மகன் குணபாலன், மருமகள் தர்மவதி. மூவரும் பாயில் உட்கார்ந்தார்கள். அவர் நின்றுகொண்டு, மூக்குக் கண்ணாடியை மாட்டி, சிவப்பு நாடா கட்டிய ஒரு கோப்பைப் பிரித்தார். அதன் மேலட்டையில் 'சுற்றுப்பயணம் - உத்தேசச் செலவு' என்று அவரே எழுதியிருந்தார்.

இந்தச் சுற்றுப்பயணத்துக்கு விதை சித்திரையில் விழுந்தது. சந்தை விழாவில் 'சுகந்தமாலிகா மெல்லிசைக் குழு' பாட வந்தது. தலைமை தாங்க வேண்டியவர் வராமல் போகவே, முன்வரிசையில் வெளுத்த சட்டையோடு உட்கார்ந்திருந்த ஒரே ஆள் என்ற தகுதியில் விருசபதாசனை மேடைக்கு இழுத்தார்கள். மாலை போட்டு மைக்கைக் கொடுத்தார்கள். அவர் நாலு வார்த்தை பேசினார். ஐந்தாவது வார்த்தைக்குள் டிரம்ஸ் அடித்துவிட்டார்கள். அந்த நாலு வார்த்தைக்குப் பிறகு குழுவே தன் ஆலோசனையில்தான் நடக்கிறது என்று அவர் நம்பத் தொடங்கினார். குழுவின் மேனேஜர் கண்ணாயிரம் அந்த நம்பிக்கையைக் கெடுக்கவில்லை. நோட்டீஸில் 'கௌரவப் புரவலர்' என்று அவர் பெயரைப் போட்டார், நோட்டீஸ் அச்சடித்த செலவை அவரிடம் வாங்கிக்கொண்டார்.

இப்போது ஆடி மாசம். அம்மன் கோயில்களில் பகலில் கூழ் ஊற்றி ராத்திரி கச்சேரி வைக்கிற காலம். குழு போளூர், ஆரணி, ஆற்காடு, வேலூர், குடியாத்தம் என்று வரிசையாக ஐந்து ஊருக்கு ஒப்புக்கொண்டிருந்தது. புரவலர் கூடவே வந்தால் ஒவ்வொரு ஊரிலும் மேடையேற்றிப் பொன்னாடை போர்த்துவதாகக் கண்ணாயிரம் சொல்லியிருந்தார். பொன்னாடையை மட்டும் புரவலரே கொண்டுவந்துவிட வேண்டும்.

"பொன்னாடை, ஒன்று" என்று வாசித்தார் விருசபதாசன்.

ஐந்து ஊருக்கு ஒன்று எப்படிப் போதும் என்று மருதேவி கேட்டாள். கச்சேரி முடிந்ததும் குழு அதைத் திருப்பித் தந்துவிடும், மறுநாள் இஸ்திரி போட்டுக்கொண்டால் புதுசு மாதிரி இருக்கும் என்றார். அதற்கென்று இஸ்திரிப் பெட்டியும் அரைக் கிலோ கரியும் தனி வரியில் இருந்தன.

வேன் வாடகை, டீசல், டிரைவர் காசிக்குப் படி என்று மேலே போனார். வெள்ளிக்கிழமை கிளம்பி அடுத்த புதன் திரும்ப வேண்டிய அந்த வேன், கீழ்பென்னாத்தூரிலிருந்து வருகிறது. தான் போக வேண்டிய ஊரிலிருந்தே தன்னைப் போகவிடாமல் தூக்கிப்போக ஒரு வண்டி வருகிறது என்று தர்மவதி நினைத்துக்கொண்டாள். செலவு மொத்தத்துக்கும் ஆபீஸில் சேமநிதிக் கடன் போட்டாகிவிட்டது. மனுவில் காரணம், வீடு பழுது பார்த்தல்.

"சமையல். பொறுப்பு தர்மவதி. செலவு இல்லை."

அடுத்த வரிக்குப் போய்விட்டார். அவளுக்கு அந்த வரியைத் தாண்டிப் போக முடியவில்லை.

அவர்கள் நயினார் வீடு, தமிழ்ச் சமணர்கள். பொழுது சாய்ந்த பிறகு வாயில் பருக்கை வைக்க மாட்டார்கள். வெங்காயம், பூண்டு, கிழங்கு கிடையாது. தண்ணீரைத் துணியில் வடிகட்டாமல் குடிப்பதில்லை. போளூரிலிருந்து குடியாத்தம் வரை வெங்காயம் படாத ஓட்டலைத் தேடினால் ஆறு நாளும் தேடிக்கொண்டேதான் இருக்க வேண்டும். ஆகவே தினமும் மூணு மணிக்கு எங்காவது மரத்தடியில் வேனை நிறுத்தி, பம்ப் ஸ்டவ் அடித்து, ஆறு மணிக்குள் எல்லோரும் சாப்பிட்டு எழுந்தாக வேண்டும். பத்து மணிக் கச்சேரியில் புரவலர் பொன்னாடைக்காக முழு ராத்திரியும் காய்ந்த வயிற்றோடு உட்காரலாம். அதை அவர் 'இரவுச் சாப்பாடு இல்லை, மிச்சம் நாற்பது ரூபாய்' என்று எழுதியிருந்தார். சமைக்க அவள் இல்லாவிட்டால் வேனே கிளம்பாது. அந்த வீட்டில் நாலு வருடத்தில் அவள் இல்லாமல் நடக்காத காரியம் என்று ஒன்று இப்போதுதான் வந்திருக்கிறது. அதற்குச் செலவு இல்லை.

திங்கட்கிழமை அவள் வேலூரில் ஏதோ ஒரு புளியமரத்தடியில் அரிசி களைந்துகொண்டிருப்பாள்.

குணபாலனைப் பார்த்தாள். அவன் பாயின் கோரையை ஒவ்வொன்றாக நிமிர்த்திக்கொண்டிருந்தான்.

*

அவளிடம் ஒரு வழி இருந்தது. சுற்றுப்பயணப் பேச்சு காதில் விழுந்ததிலிருந்து இரண்டு நாளாக யோசித்துக் கண்டுபிடித்த வழி.

சாதுர்மாசம் பிறந்திருந்தது. மழைக்காலத்து நாலு மாசம். முனிவர்கள் ஊர் விட்டு ஊர் போகாமல் ஓரிடத்தில் தங்குகிற காலம். இல்லறத்தில் இருப்பவர்களும் தங்களால் ஆன விரதம் எடுத்துக்கொள்வார்கள். ஒருத்தி தயிரை விடுவாள், ஒருத்தி புளியை. திக் விரதம் என்று ஒன்று உண்டு. எந்தத் திசையிலும் இத்தனை மைலுக்கு மேல் போவதில்லை என்று ஜினர் முன்னால் சொல்லி எடுத்துக்கொள்வது. எடுத்தால் தீபாவளி வரை மீறக்கூடாது.

கீழ்பென்னாத்தூர் பதினோரு மைல். போளூர் இருபதுக்கு மேல். பதினைந்து மைல் என்று விரதம் எடுத்துவிட்டால் வேன் அவளைத் தூக்கிப்போக முடியாது. பள்ளிக்கூடத்துக்குப் பஸ் ஏற முடியும். விரதம் எடுத்த மருமகளை வேனில் ஏற்றினார் என்ற பேர் வாங்க மாமனார் துணிய மாட்டார். பேர்தான் அவருக்கு உயிர்.

பத்து மணிக்கு மாமியாரோடு ஜினாலயத்துக்குப் போனாள். விரதம் எடுக்க ஏழெட்டுப் பெண்கள் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அங்கே பூசை செய்கிற உபாத்தியாயர் ஜினராஜ் நோட்டில் ஒவ்வொருவர் பெயராக எழுதிக்கொண்டு வந்தார். தர்மவதிக்கு முன்னால் சந்திரம்மாள். அரிசி மண்டிக்காரர் வீட்டு அம்மாள். ஊரில் யாருக்கு எத்தனை பக்தி என்பதற்கு அவர்தான் தராசு.

"திக் விரதம், பத்து மைல்" என்றார் சந்திரம்மாள், கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி.

அடுத்து தர்மவதி. கை கூப்பி, "பதினஞ்சு மைல்" என்றாள்.

சந்திரம்மாள் மெதுவாகத் திரும்பி மருதேவியைப் பார்த்தார். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட மருதேவி தாங்கியிருப்பாள். "சின்னப் பொண்ணு. அலையற வயசு. பதினஞ்சு வேணுந்தான்" என்றார்.

மருதேவியின் கழுத்து நிமிர்ந்தது. விருசபதாசன் வீட்டு விரதம் மண்டிக்காரர் வீட்டு விரதத்தைவிட ஐந்து மைல் ஜாஸ்தியாக, அதாவது ஐந்து மைல் கம்மியான பக்தியாக, நோட்டில் ஏறுவதா?

"அவளுக்குச் சொல்லத் தெரியல சாமி" என்றாள். "பதினஞ்சு மைல் போய் அவளுக்கு என்னா வேலை? அஞ்சுன்னு எழுதுங்க."

உபாத்தியாயரின் பேனா நின்றது. "அஞ்சுதானேம்மா?" என்று தர்மவதியையே கேட்டார். விரதத்தை எடுப்பவர் வாயால் சொல்ல வேண்டும்.

இல்லை என்று சொன்னால் ஏன் என்பார்கள். ஏன் என்பதற்குப் பதில் இன்சூரன்ஸ் காகிதங்களுக்கு நடுவில் இருந்தது. எதிரே ஜினர் கண்ணை மூடியும் மூடாமலும் உட்கார்ந்திருந்தார். வரிசை முழுவதும் அவளைப் பார்த்தது.

"அஞ்சு" என்றாள்.

சந்திரம்மாள் முந்தானையைச் சரி செய்துகொண்டு எழுந்துவிட்டார். மருதேவிக்கு அன்று சாப்பிடாமலே வயிறு நிறைந்தது. நீங்கள் என்ன விரதம் என்று உபாத்தியாயர் கேட்டதற்கு, தான் இந்த வருஷம் பாகற்காயை விடுவதாகச் சொன்னாள். பாகற்காய் அவளுக்குப் பிறந்ததிலிருந்தே பிடிக்காது.

வீதிக்கு வந்து செருப்பை மாட்டும்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஒற்றைக் காலில் நின்றபடி, "ஏண்டி, அப்போ வேன்ல யாரு சமைக்கிறது?" என்றாள்.

 தர்மவதி மனசுக்குள் ஒரு வட்டம் போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு பக்கம் வேங்கிக்கால் ஏரியைக் கொஞ்சம் தாண்டலாம். இன்னொரு பக்கம் மலையைச் சுற்றி அடி அண்ணாமலை வரை போகலாம். அங்கே கடலை வாங்கித் தின்னலாம், திரும்பி வரலாம். வேனிலிருந்து தப்பிக்கத் தோண்டிய குழிக்குள் அவள் வேலையும் சேர்ந்து விழுந்துவிட்டது.

*

மதியம் சாப்பிட வந்த விருசபதாசனிடம் மருதேவி விஷயத்தைத் தன் போக்கில் சொன்னாள். மருமகளுக்குத் திடீரென்று பக்தி பொங்கிவிட்டதாம். தான் எவ்வளவோ தடுத்தும் கேட்கவில்லையாம். தர்மவதி மோர் ஊற்றிக்கொண்டே தன்னைப் பற்றிய கதையைக் கேட்டாள்.

அவர் கோபப்படவில்லை. ஆபீஸில் முப்பது வருடம் இருந்தவர். தடை என்று ஒன்று வந்தால் அதற்கு விலக்கு என்று ஒன்று எங்காவது எழுதியிருக்கும் என்பது அவர் வாழ்க்கை கற்றுக்கொடுத்த ஒரே பாடம். அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, கோப்பை சைக்கிள் கேரியரில் செருகிக்கொண்டு ஜினாலயத்துக்குப் போனார்.

பிற்பகல் முழுதும் தர்மவதி பயணத்துக்கான சாமான்களைச் சாக்கில் கட்டினாள். யாராவது கட்டித்தானே ஆக வேண்டும். அரிசி, பருப்பு, வடிகட்டும் துணி, ஸ்டவ்வுக்கு ஊசி. தான் போகப்போவதில்லை என்று தெரிந்தும், எது எங்கே இருக்கிறது என்று மற்றவர்களுக்குத் தெரியாதே என்பதால் ஒவ்வொரு டப்பாவிலும் பெயர் எழுதி ஒட்டினாள். கையெழுத்து கரும்பலகையில் எழுதுகிற மாதிரி குண்டு குண்டாக விழுந்தது.  அதைப் பார்த்ததும் உப்பு டப்பாவைக் கீழே வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்க் கொஞ்ச நேரம் நின்றாள்.

குணபாலன் உரக்கடை வேலை முடிந்து வந்தான். காலையில் நடந்ததைச் சமையல்கட்டில் வைத்துச் சுருக்கமாகச் சொன்னாள்.

"அஞ்சு மைலா?" என்றான்.

"அஞ்சு."

"பாக்கலாம்" என்றான்.

அவள் அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவன் தண்ணீர் குடிக்க வந்ததையும் மறந்து, காலி டம்ளரோடு கூடத்துக்குப் போனான்.

ஐந்தரைக்கு விருசபதாசன் வந்தார். ஊர் மலைக்குக் கிழக்கே இருப்பதால் சூரியன் சீக்கிரமே மலைக்குப் பின்னால் ஒதுங்கிவிடும். அதுவே அஸ்தமனம் என்பது மருதேவியின் கட்சி. காலண்டரில் போட்டிருக்கிற நேரம்தான் அஸ்தமனம் என்பது விருசபதாசனின் கட்சி. அச்சடித்ததுதான் அவருக்கு உண்மை. அன்று அவர் சாப்பாட்டைக்கூடக் கேட்கவில்லை. எல்லோரையும் கூடத்தில் உட்காரச் சொன்னார்.

"விலக்கு இருக்குது" என்றார்.

உபாத்தியாயர் முதலில் மறுத்திருக்கிறார். விரதம் விளையாட்டில்லை என்றிருக்கிறார். ஆனால் இரண்டு மணி நேரம் விருசபதாசன் எதிரே உட்கார்ந்தால் யாரும் எதையாவது ஒப்புக்கொண்டுதான் ஆக வேண்டும். கடைசியில் சாஸ்திரத்தைப் புரட்டி ஒரு வார்த்தை சொன்னார். விரதம் எடுப்பதற்கு முன்பே ஒருவர் ஏற்றுக்கொண்ட பொறுப்பு இருந்தால், அதைப் பாதியில் விடுவது வாக்குத் தவறுவது. ஆகவே அந்த ஒரு காரியத்தை முடிக்க மட்டும் எல்லையைத் தாண்டலாம். முடித்துவிட்டு வட்டத்துக்குள் திரும்பிவிட வேண்டும். முன்பே ஏற்றுக்கொண்டதற்கு ஆதாரம் இருக்க வேண்டும்.

"ஆதாரம் நம்மகிட்ட இருக்குது." கோப்பைத் தட்டினார். "சமையல், பொறுப்பு தர்மவதி. தேதி பாரு, ஆறு. நீ விரதம் எடுத்தது இன்னைக்கு, பதினொண்ணு. அஞ்சு நாள் முந்தி."

"நான் ஏத்துக்கலையே மாமா."

"ஓரத்துல 'ஒப்புதல் பெறப்பட்டது'ன்னு எழுதியிருக்குது பாரும்மா."

எழுதியிருந்தது. அவர் கையெழுத்தில், அவர் சுருக்கொப்பத்தோடு.

மருதேவி நிம்மதியாக மூச்சு விட்டாள். பக்தியும் போகவில்லை, சமையல்காரியும் போகவில்லை.

தர்மவதிக்கு மட்டும் உள்ளே ஏதோ ஒன்று மெல்லத் திறந்தது. முன்பே ஏற்றுக்கொண்ட பொறுப்பு. ஆதாரம். தேதி. மாமனார் இரண்டு மணி நேரம் போராடி வாங்கி வந்தது தனக்கான கதவு என்று அவருக்குத் தெரியாது.

எழுந்து உள்ளே போனாள். பழுப்பு உறையோடு வந்தாள். உள்ளிருந்த தாளைப் பிரித்து அவர் கோப்பின் மேல் வைத்தாள்.

"இது ரெண்டாம் தேதி மாமா" என்றாள். "ஆறு வருஷம் முந்தியே நான் எழுதிக் கொடுத்து ஏத்துக்கிட்டது. விலக்கு உண்டுன்னா இதுக்குத்தான் முதல்ல."



விருசபதாசன் கண்ணாடியைத் துடைத்து மாட்டினார். முதலில் முத்திரையைப் பார்த்தார், பிறகு ந.க. என்று போட்ட கோப்பு எண்ணை, பிறகு ஒப்பமிட்டவரின் பதவியை. பழக்க தோஷம். நிதானமாக இரண்டு தடவை படித்தார். மருதேவி என்னவென்று கேட்டாள். அவர் கையமர்த்தினார்.

கத்துவார் என்று தர்மவதி எதிர்பார்த்தாள். அதற்குத் தயாராகத்தான் நின்றாள்.

"நல்ல சேதிதானே" என்றார் அவர். "இதை ஏன் மறைச்சே? நம்ம வீட்டுப் பொண்ணுக்கு சர்க்கார் வேலைன்னா எனக்கு என்ன, பெருமை இல்லையா?"

 அவருடைய கோபத்துக்கு அவளிடம் பதில் இருந்தது. பெருமைக்கு இல்லை.

"திங்கட்கிழமைதானே கடைசி? ஒரு வாரம் தள்ளி வைக்கச் சொல்றேன். அங்க நம்ம ஆளுங்க இருக்காங்க. ஒரு போன் போட்டா முடிஞ்சுது. டூர் போயிட்டு வந்து நிம்மதியா சேந்துக்க."

"தள்ளி வைக்க மாட்டாங்க மாமா. அடுத்த நம்பர்காரிக்குப் போயிடும்."

"எனக்குச் சொல்றியா? முப்பது வருஷ சர்வீஸ்."

அவருடைய போன் எப்படிப்பட்டது என்று அந்தக் கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். ரேஷன் கார்டில் தர்மவதியின் பெயரைச் சேர்க்கக் கல்யாணமான மாசமே மனு எழுதினார். ஒரு போன் போட்டால் போதும் என்று மனுவைத் தன் மேஜையிலேயே வைத்துக்கொண்டார். நாலு வருடமாகிறது. வீட்டுக்கு இன்னும் மூணு பேர் சர்க்கரைதான் வருகிறது.

அவர் உத்தரவை நாலாக மடித்தார். மடிப்பை நகத்தால் அழுத்தி நீவினார். கோப்பில், செலவுப் பட்டியலுக்குப் பின்னால் வைத்து, சிவப்பு நாடாவை இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டார்.

"என்கிட்ட பத்திரமா இருக்கட்டும்."

மூல உத்தரவு கையில் இல்லாமல் எந்தப் பள்ளிக்கூடமும் சேர்த்துக்கொள்ளாது. அது அவளுக்குத் தெரியும். அவருக்கும் தெரியும், அவளைவிட நன்றாகத் தெரியும்.

"அதைக் குடுங்க மாமா" என்றாள்.

"குடுக்கலாம், குடுக்கலாம். முதல்ல இலையைப் போடு. பொழுது போவுது."

"நான் வேன்ல வரல. திங்கட்கிழமை காலைல கீழ்பென்னாத்தூர் பஸ்ஸுல போறேன். அதைக் குடுங்க."

நீட்டிய கை நீட்டியபடி இருந்தது. மருதேவி ஒருமுறை கையைப் பார்த்தாள், ஒருமுறை கோப்பைப் பார்த்தாள். அந்த வீட்டில் அப்படி ஒரு கை நீண்டதை அவள் கண்டதில்லை, தன்னுடையது உட்பட. விருசபதாசன் கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். வேன் அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டது, நோட்டீஸில் பெயர் வந்தாகிவிட்டது, ஐந்து ஊர் மேடை காத்திருக்கிறது என்று ஆரம்பித்து, குடும்ப கௌரவம் என்பது என்னவென்றால் என்று விளக்கப் போனார்.

குணபாலன் எழுந்து நின்றான்.

அப்பா பேசிக்கொண்டிருக்கும்போது அவன் எழுந்தது பிறந்ததிலிருந்து இதுதான் முதல் தடவை. விருசபதாசன் பேச்சை நிறுத்திவிட்டு, "என்னடா?" என்றார்.

அவன் காலி டம்ளரைக் கீழே வைத்தான். அப்பாவின் கக்கத்தைப் பார்த்தான். மனைவியின் கையைப் பார்த்தான். எந்தப் பக்கம் அடி எடுத்து வைக்கப் போகிறோம் என்று அவனுக்கே இன்னும் தெரியவில்லை. ஆனால் 'பாக்கலாம்' என்று சொல்ல வாயைத் திறந்தவனுக்கு அந்த வார்த்தை வரவில்லை.